பாதுகாவலர் கட்டம் காலியாக இருக்க வேண்டும்

"ஜோனி கண்ணு, உங்க டெல்லாவுக்கு என்னதான் ஆச்சு? காலையிலேர்ந்து உள்ளயே விட மாட்டேங்குது."

ஃபோனில் பெர்னிஸ். மீட்வில் ஊரில் ஒரு குழந்தைகள் கிளினிக்கின் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். நான் இன்னும் கோட்டைக்கூடக் கழற்றவில்லை, பூட்ஸிலிருந்து பனி உருகி ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன வருதுன்னு படி, பெர்னிஸ்."

"சிவப்பு ஆச்சரியக்குறி. 'நோயாளிக்குப் பதினெட்டு வயது நிறைந்துவிட்டது. இங்கே அனுமதி இல்லை.' புதுசா ரெண்டு பொண்ணுங்க வேலைக்குச் சேர்ந்து உக்காந்திருக்குதுங்க. அதுங்களுக்கு நான் எதை வச்சுச் சொல்லித்தர்றது? ஏன் கண்ணு, உங்க பொண்ணு மேஜர் ஆயிட்டாளே, கேக் எல்லாம் கிடையாதா?"

பழக்கதோஷத்தில் நானும் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். கடவுளே, பிப்ரவரி பத்து!

எங்கள் கம்பெனி ஈரி நகரத்தில், ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. குழந்தைகள் கிளினிக்குகளுக்கு மென்பொருள் செய்கிறோம். இணையத்தில் திறப்பது அல்ல, மேசைக் கணினியிலேயே நிறுவிக்கொள்ளும் பழைய மாதிரி. வரவேற்பில் இருப்பவர்கள் படிவத்தில் கட்டம் கட்டமாக நிரப்புவார்கள். தவறாக எதைத் தட்டினாலும் அங்கேயே பிடித்து நிறுத்த வேண்டும். ஃபோன் எண் கேட்கும் கட்டத்தில் பெயரை அடித்தால் தள்ளிவிட வேண்டும். பிப்ரவரி முப்பது என்று பிறந்த தேதி போட்டால் சிவப்புக் குறி காட்டி, சரிசெய்யும்வரை அந்தக் கட்டத்தை விட்டு நகரவே விடக்கூடாது. அப்படி நிறுத்துகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. நாள் முழுக்கக் கன்னாபின்னாவென்று தட்டிச் சம்பளம் வாங்குகிறவள் நான். அந்த வேலைக்கு நான் பிறவியிலேயே தகுதி பெற்றவள் என்று என் முன்னாள் கணவர் சொல்வார். எனக்கு வாயும் கொஞ்சம் நீளம் என்பதால் ஃபோனையும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

டெல்லா பிராண்ட் என்பது எங்கள் பயிற்சி நோயாளி. நிஜ நோயாளிகளின் விவரத்தில் கைவைத்துப் பழகக்கூடாதல்லவா, அதனால் ஒவ்வொரு கிளினிக்குக்கும் எங்கள் மென்பொருளோடு டெல்லாவும் போவாள். இங்கே அவள் பதிவைத் திருத்திச் சேமித்தால் எல்லாக் கிளினிக்கிலும் அப்படியே மாறிவிடும். இந்தச் சுற்றுவட்டாரத்தில் குழந்தைகள் கிளினிக்கில் வேலை கற்றுக்கொண்ட எவளைக் கேட்டாலும் டெல்லாவைத் தெரியும். பழுப்பு முடி, அமாக்ஸிசிலின் மருந்து ஒத்துக்கொள்ளாது, தகப்பன் பெயர் லோவெல். அவளுக்குத் தொண்டை வலி என்று நேரம் ஒதுக்கித்தான் எல்லோரும் பழகினார்கள். சில கிளினிக்குகளிலிருந்து கிறிஸ்துமஸ் அட்டை வரும்போது, 'டெல்லாவுக்கும் எங்கள் அன்பு' என்று வேடிக்கையாக எழுதியிருப்பார்கள். யாரோ உட்கார்ந்து கற்பனை செய்த பெயர் என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள்.

டெல்லா எங்கள் லோவெலின் மகள். மொத்த மென்பொருளையும் எழுதியவன் லோவெல் பிராண்ட்தான். மலைமாதிரி ஆள், பேச்சு மட்டும் இழுத்து இழுத்து வரும். அவன் மனைவி நோரீனுக்குப் பகல் ஷிப்ட் விழும் நாட்களில் குழந்தையை ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான். மடியில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையாலும் கீபோர்டில் படார் படாரென்று அறையும். மென்பொருள் அப்படியே படுத்துவிடும். "பாத்தியா ஜோனி, இவதான் டெஸ்டர். உனக்குத் தண்டச் சம்பளம்" என்பான். அவள் அறைந்து அறைந்து உடைத்த ஒவ்வொரு கட்டத்துக்கும் அவன் ஒரு காவல் போட்டான். பயிற்சிக்கு ஒரு நோயாளி வேண்டும் என்றபோது, மடியில் இருந்தவளின் பெயரையும் பிறந்த தேதியையும் அப்படியே அடித்தான்.

நாலு வயது முடிந்த அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. மூளைக்காய்ச்சல். மறுநாள் பிள்ளை இல்லை. அடுத்த வசந்தத்தில் நோரீன் டொலீடோவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. லோவெல் வேலைக்குத் திரும்பி வந்தான். டெல்லாவின் பதிவை யாரும் தொடவில்லை. எங்கள் தொழிலில் ஓடிக்கொண்டிருப்பதில் யாரும் கைவைக்க மாட்டோம். இதில் கைவைக்க யாருக்குத்தான் மனசு வரும்?

ஆனால் பிறந்த தேதி நிஜமானது. அதனால் அவளுக்கு வயது தன்பாட்டுக்கு ஏறிக்கொண்டே போனது. உயரமும் எடையும் வயதுக்குப் பொருந்துகிறதா என்று எங்கள் மென்பொருள் பார்க்கும். பொருந்தாவிட்டால் சிவப்புக் காட்டும். எனவே வருஷத்துக்கு ஒருமுறை, பிப்ரவரியில், யாராவது ஒருவர் டெல்லாவின் பதிவில் புது உயரமும் எடையும் சேர்த்தாக வேண்டும். "அதை நான் பாத்துக்கறேன்" என்று லோவெல் எடுத்துக்கொண்டான். நானும் அதைச் சில்லறை வேலை என்றுதான் நினைத்தேன்.

ஒருமுறை அவன் பின்னால் காப்பியோடு போய் நின்றேன். உயரக் கட்டத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. அவன் உதட்டில் விரலை வைத்து யோசித்துக்கொண்டிருந்தான்.

"ஆறு வயசுக்கு நாப்பத்தஞ்சு இன்ச் இருப்பாளா ஜோனி? நோரீன் குட்டை. ஆனா எங்க வீட்டுப் பக்கம் எல்லாம் நெட்டைக் கழுதைங்க."

"நாப்பத்தி ஒண்ணுலேர்ந்து நாப்பத்தொம்பது வரைக்கும் எதுவும் ஏத்துக்கும். நடுவுல ஏதாவது ஒண்ணைப் போடேன்."

அவன் திரும்பிப் பார்த்தான். "ஏதாவது ஒண்ணு இல்ல. அவ எவ்ளோ இருப்பான்னு கேக்கறேன்" என்றான்.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. இந்த மனுஷன் அந்தப் பிள்ளையை வளர்த்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வயதில் எடையைக் குறைத்துப் போட்டான், "இப்பல்லாம் சரியாவே சாப்பிடறதில்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே. பதின்மூன்றில் குறிப்புக் கட்டத்தில் கண்ணாடி வந்தது, ஏனென்றால் அவன் கண்ணாடி போட்டது அந்த வயதில். அடுத்த வருஷம் பல்லுக்குக் கம்பி. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன், பிறகு பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். என்ன சொல்லச் சொல்கிறீர்கள்? நிறுத்து என்றா?

இப்போது பதினெட்டு. சோதனைக்கென்று ஒரு நிஜத் தேதியைப் போட்டுவிட்டு, நாள் நகரும் என்பதை மறந்துபோவது எங்கள் தொழிலில் அரதப்பழைய தவறு. எல்லோரும் செய்வோம், சிரித்துக்கொண்டே திருத்துவோம். இதற்கு யார் சிரிப்பது?

பெர்னிஸோடு பேசி வைத்ததும் அடுத்த அழைப்பு, அதற்கடுத்தது. முதலாளி டிக் ஹாரிகன் தன் அறையிலிருந்து வெளியே வந்தார்.

"வருஷத்தை மாத்திடு ஜோனி. ரெண்டாயிரத்து ஏழை ரெண்டாயிரத்துப் பதினாலு ஆக்கு. முடிஞ்சு போச்சு."

"யோவ் டிக், அது யாருன்னு தெரிஞ்சுதான் பேசறியா?"

"தெரியாம என்ன? அந்தச் சவப்பெட்டியோட ஒரு முனையைத் தூக்கினவன் நான். அதனாலதான் சொல்றேன். அவன் வர்றதுக்குள்ள முடிச்சிடு. இந்தச் சிவப்பை அவன் பாக்க வேணாம்."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. உட்கார்ந்து வருஷத்தை மாற்றினேன். திரை முழுக்கச் சிவப்பு! பதினோரு வயதுக்கு இந்த உயரம் பொருந்தாது, இந்த எடை பொருந்தாது, பிறப்பதற்கு முன்பே தடுப்பூசி போட்டிருக்க முடியாது என்று ஒவ்வொரு கட்டமும் கத்தியது. சரி, பிள்ளையைச் சின்னதாக்க வேண்டியதுதான் என்று உயரத்தைக் குறைக்க ஆரம்பித்தேன். கண்ணாடியை எடுத்தேன். பல் கம்பியை எடுத்தேன்.

"என்ன பண்றே?"

லோவெல் பின்னால் நின்றிருந்தான். தொப்பியில் பனி அப்படியே இருந்தது.

மாட்டிக்கொண்டால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும். "என்ன பண்றேனா? நீ பண்ணியிருக்க வேண்டியதைப் பண்றேன்! காலையிலேர்ந்து ஃபோன் கிழியுது. இன்னிக்கு என்ன தேதின்னு உனக்கு ஞாபகம் இல்லையா?"

சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். யாரிடம் போய் எதைக் கேட்கிறேன்!

"இருக்கு ஜோனி" என்றான் லோவெல். "எந்திரி."

எழுந்தேன். அவன் கோட்டோடு உட்கார்ந்து, நான் மாற்றியதை எல்லாம் பழையபடி ஆக்கினான். கம்பி வந்தது, கண்ணாடி வந்தது, பிறந்த வருஷம் வந்தது.

டிக் அருகில் வந்து அவன் தோளைத் தொட்டார். "லோவெல், இவளுக்கு மட்டும் அந்த விதி வேணாம்னு ஒரு வரி எழுதிடேன்ப்பா. யாருக்குத் தெரியப்போவுது? இருந்துட்டுப் போகட்டும்."

"வேணாம் டிக். பதினெட்டு ஆச்சுன்னா போகணும். எல்லார் வீட்டுப் பிள்ளையும்தான் போவுது." அவன் மூக்கை உறிஞ்சினான். "முறையா அனுப்பி வைக்கறேன்."

பதினெட்டு நிறைந்த பிள்ளைகளைப் பெரியவர்களுக்கான டாக்டரிடம் மாற்றிவிட ஒரு படிவம் இருக்கிறது. அதைத் திறந்தான். அந்தப் படிவத்தில் நான் தட்டாத அபத்தம் இல்லை. நிஜமாகவே ஒருவன் யோசித்து யோசித்து அதை நிரப்பி நான் பார்த்தது அன்றுதான்.

புது டாக்டர் யார் என்று கேட்டது. தன் டாக்டரின் பெயரைப் போட்டான். "நல்ல மனுஷன். அவசரப்படுத்த மாட்டார்" என்றான். கடைசியாகப் பார்த்த உயரம் கேட்டது. ஐந்தடி ஏழு அங்குலம். "அம்மாவை விட ஒசரம்" என்றான். நோயாளியின் சொந்த ஃபோன் எண் கேட்டது. அதைக் காலியாக விட முடியாது.

"பதினாறுலயே வாங்கிக் குடுத்திருப்பேன். நோரீன் வேணாம்னிருப்பா. ஒரு வாரம் பேசியிருக்க மாட்டா."

ஏதோ ஓர் எண்ணை அடித்தான். டிக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், கீழே டயர் கடையில் என்னவோ பார்ப்பதற்கு இருப்பதுபோல.

சேமி என்று அழுத்தினான். கர்சர் தானாகவே மேலே போய் ஒரு கட்டத்தில் நின்றது. பக்கத்தில் சிவப்புக் குறி.

'நோயாளி வயது வந்தவர். பாதுகாவலர் கட்டம் காலியாக இருக்க வேண்டும்.'

கட்டத்துக்குள் 'லோவெல் பிராண்ட், தந்தை' என்று இருந்தது.

சட்டம் அப்படி. பதினெட்டு ஆகிவிட்டால் பெற்றவர்களுக்கு அந்தக் கோப்பில் உரிமை இல்லை, பெயர் இருக்கக்கூடாது. அந்த விதியை எழுதியவன் லோவெல். சரியாக வேலை செய்கிறது என்று ஒப்பம் வைத்தவள் நான். லோவெல் அடுத்த கட்டத்துக்கு நகரப் பார்த்தான். விடவில்லை. மறுபடி அழுத்தினான். கர்சர் அவன் பெயரிலேயே நின்றது.

"நல்லாத்தான் எழுதியிருக்கேன்" என்றான்.

அப்புறம் அழிக்க ஆரம்பித்தான். கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக. முதலில் 'தந்தை' போனது. அடுத்து 'பிராண்ட்' போனது. என்னால் தாங்க முடியவில்லை.

"வேணாம் லோவெல். விட்டுடு."

"எல்லா அப்பனும் செய்யறதுதானே ஜோனி? பிள்ளை தனியாப் போறப்ப கையை விட்டுத்தானே ஆகணும்?"

"மத்த அப்பனுக்கெல்லாம் அந்தப் பிள்ளை சாயங்காலம் ஃபோன் பண்ணுமே!"

என் பாழாய்ப்போன வாய். சொல்லிவிட்டேன். இத்தனை வருஷமாக அந்த ஆபீசில் யாரும் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். லோவெல் கீபோர்டிலிருந்து கையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கியது. அவன் அழுது நான் பார்த்ததில்லை, அடக்கம் செய்த அன்றுகூட அழவில்லை. நான் அவன் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். ஃபோன் பாட்டுக்கு அடித்து ஓய்ந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் கேட்டான். "என் பேர் இருக்கணும்னா என்ன வழி?"

அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். பதிவை மூடுவதற்கான காரணம் என்ற கட்டத்தில் மூன்று இருக்கும். வேறு டாக்டரிடம் மாற்றம், ஊர் மாற்றம், மரணம். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தால் பெற்றவர் பெயர் அப்படியே இருக்கலாம். இருக்கலாம் என்ன, இருந்தே ஆகவேண்டும், காலியாக விட்டால்தான் சிவப்பு. அதையும் அவன்தான் எழுதினான். எப்போது எழுதினான் என்று நான் கேட்டதில்லை.

அவள் உயிரோடு இருந்தால் அவன் அப்பன் இல்லை. அவன் அப்பனாக இருக்க வேண்டுமென்றால் அவள் உயிரோடு இல்லை. எந்தப் பாவி மகனுக்கும் இப்படி ஒரு கேள்வி வரக்கூடாது.

லோவெல் தன் பெயரை மறுபடி முழுதாக அடித்தான். 'தந்தை' என்று சேர்த்தான். பிறகு மூன்றாவது காரணத்தைத் தேர்ந்தெடுத்தான். இறந்த தேதி என்று புதிதாக ஒரு கட்டம் திறந்தது.

மாதம், நாள், வருஷம் என்று மெதுவாக அடித்தான். அடித்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். எதற்காகக் காத்திருந்தான் என்று எனக்குத் தெரியும், நானும் அதற்குத்தான் காத்திருந்தேன். எதைப் போட்டாலும் நொள்ளை சொல்கிற சனியன் அது. ஒருமுறை, ஒரே ஒருமுறை, இது தவறு, இப்படி ஒரு தேதி இருக்க முடியாது என்று சொல்லித் தொலைத்தால் என்ன? சொல்லவில்லை. கர்சர் சாதுவாக அடுத்த கட்டத்துக்குப் போனது.

"ஏத்துக்கிச்சு" என்றான் லோவெல்.

சேமி என்று அழுத்தினான். இப்போது கீழே இருந்த பட்டியல் முழுக்கச் சிவந்தது. இறந்த தேதிக்குப் பிறகு இத்தனை வருகைகள் எப்படி என்று கேட்டது. ஐந்து வயதில் உயரம், ஆறு வயதில் உயரம், ஒவ்வொரு பிப்ரவரியிலும் அவன் உட்கார்ந்து யோசித்துப் போட்டது எல்லாம். அவை இருக்கும்வரை பதிவை மூட முடியாது.

"நான் பண்றேன், நீ எழுந்துரு" என்றேன். "எல்லாத்தையும் ஒரேயடியா எடுக்க பட்டன் இருக்கு."

"தெரியும், நான்தானே வச்சேன்." அவன் எழுந்துகொள்ளவில்லை. "ஒண்ணொண்ணா போறேன்."

மேலேயிருந்து ஆரம்பித்தான். ஐந்தடி ஏழு அங்குலம் போனது. அதற்கு முந்தையது போனது. ஒவ்வொன்றுக்கும், நிச்சயமாக நீக்கலாமா என்று கேட்கும், ஆம் என்று அழுத்த வேண்டும். பல்லுக்குக் கம்பி போட்ட வருஷம் போனது, கண்ணாடி வந்த வருஷம் போனது, சரியாகச் சாப்பிடாத வருஷம் போனது. பெண் குறுகிக்கொண்டே வந்தாள். ஆறு வயதின் நாற்பத்தைந்து அங்குலத்தில் அவன் விரல் நின்றது. ஆம் என்று அழுத்தினான்.

கடைசியில் ஒரே ஒரு வரிசைதான் மிச்சம். நாலு வயது, நாற்பது அங்குலம், முப்பத்தாறு பவுண்டு. அது மட்டும் அவளை நிஜமாக நிற்கவைத்து அளந்தது. அதன் பக்கத்தில் சிவப்பு இல்லை. சேமி என்று அழுத்தினான், ஒரு முனகல்கூட இல்லாமல் மூடிக்கொண்டது.

டிக் ஜன்னலிலிருந்து திரும்பி, "வீட்டுக்குப் போறியா லோவெல், நான் கொண்டுபோய் விடட்டுமா?" என்றார்.

அப்போது ஃபோன் அடித்தது. நான் கையை நீட்டுவதற்குள் லோவெல் எடுத்துவிட்டான். அவன் ஃபோனை எடுப்பவனே இல்லை. மறுமுனையில் ஏதோ ஒரு கிளினிக் பெண்ணின் குரல் கலகலவென்று கேட்டது, டெல்லா டெல்லா என்று அவள் சொன்னது மட்டும் எனக்குப் புரிந்தது.

"ஆமா மேடம்" என்றான். "இல்லைங்க, கோளாறு இல்ல. சரியாத்தான் காட்டுது." கொஞ்சம் கேட்டுக்கொண்டான். "இல்ல, பேர் கற்பனை இல்லைங்க. அவ நாலு வயசுலயே இறந்துட்டா."

மறுமுனையில் கலகலப்பு நின்றது. அந்தப் பெண், நீங்கள் யார் பேசுகிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

"அவ அப்பா பேசறேங்க" என்றான் லோவெல்.